தம்பியின் முகச் சிவப்பு

கொட்டாஞ்சேனையில் என்னுடன் வசிக்கும் தம்பி மரியதாஸ், அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்துக் குடியை விட்டவன். சென்ற வருடம், சாப்பிட்டு முடிந்ததும் அவன் முகம் குப்பென்று சிவக்கத் தொடங்கியது. உடனே கழிவறைக்கு ஓடுவான். நேர்த்தியை முறித்துவிட்டான் என்று சந்தேகப்பட்டேன். அவனுடைய அலுமாரியைக் கிளறினேன். கிட்டப்போய் வாயை முகர்ந்தேன்.

“பொலிஸ் நாயும் இப்படி மோப்பம் பிடிக்காது அண்ணா. நான் சோடாகூடக் குடிக்கேல்ல” என்றான்.

நான் நம்பவில்லை. குடல் பக்டீரியா பற்றி நிறைய வாசித்திருந்ததால், குடிதான் நல்ல பக்டீரியாக்களைக் கொன்றுவிட்டது என்று முடிவுகட்டினேன். டொக்டரிடம் போகிறேன் என்றவனைத் தடுத்து, மாதக்கணக்கில் தயிர் கொடுத்தேன்.

ஒரு ஞாயிறு பூசையில் அவன் மயங்கி விழுந்தான். ஸ்கானில் சிறுகுடலில் கட்டி தெரிந்தது. கல்லீரலுக்கும் பரவத் தொடங்கியிருந்தது. பக்டீரியாவை நினைத்துத் தயிர் கொடுத்ததை டொக்டரிடம் சொன்னேன்.

“கட்டி சுரக்கிற ஹோர்மோன்தான் முகத்தைச் சிவக்க வைக்குது, அங்கிள்” என்றார் டொக்டர். “பக்டீரியாவுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு எண்டு இப்பதான் ஆராயினம். தயிரால கட்டி கரையாது. முந்தியே கூட்டிவந்திருக்கலாம்.”

சத்திரசிகிச்சைக்குப் பின், மாதாந்த ஊசியின் தயவில் தம்பி நடமாடுகிறான். முகம் சிவந்தால் இப்போது நான் முகர்வதில்லை. “வயிறு எப்படி?” என்று கேட்கிறேன், அவன் சொல்வதை நம்புகிறேன்.