ரேந்தை போர்த்திய பெட்டி

நான் குடியிருக்கும் ஜெர்மன் நகரத்தில் சத்தம் போடுவதற்கும் நேரகாலம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தூசி உறிஞ்சும் மெஷினைப் போடக் கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலிப் போத்தல்களைத் தெருமுனைத் தொட்டியில் போடுவதற்குக்கூட நேரம் பார்க்க வேண்டும். வந்த புதிதில் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தேன். பிறகு எனக்கும் பழகிப்போய், இருமல் வந்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து இருமத் தொடங்கினேன். ஊருக்குப் போன் எடுப்பதென்றால் ஜன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டுத்தான் எடுப்பேன். நாங்கள் சும்மா சுகம் விசாரிப்பதே இவர்களுக்குச் சண்டை பிடிப்பதுபோலக் கேட்கும்.

போன பனிக்காலத்தில் ஒருநாள் மேல்மாடியில் இருக்கும் ஃபிராவ் லங்கே என்னைப் படிக்கட்டில் மறித்தார். ஃபிராவ் என்பது நாங்கள் திருமதி என்கிற மாதிரி. பெயர்தான் லங்கே, இலங்கை எந்தத் திசையில் இருக்கிறதென்று மனுசிக்குத் தெரியாது. வயதானவர், ஆனால் முதுகு வளையாது. என் வீட்டுக் கதவை நோக்கி விரலை நீட்டி, "நீங்கள் லூஃப்டன் செய்ய வேண்டும்" என்றார். ஜெர்மன் மொழியில் லூஃப்டர் என்றால் விசிறி. அந்த நாட்களில் நான் சமைக்கும் குசினி மேசையில் ஒரு கொம்பியூட்டர் அரைகுறையாகக் கிடந்தது. வேலை முடிந்து வந்து அதன் விசிறிகளை ஓட்டிப் பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. அந்த இரைச்சல் மேலே கேட்கிறது, மனுசி முறைப்பாடு சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். "மன்னிக்க வேண்டும், இனிமேல் சத்தமே கேட்காது" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஏறிப் போனார்.

அந்தக் கொம்பியூட்டர் எனக்கில்லை. மட்டக்களப்பில், வாவிக்கரையை அண்டிய எங்கள் வீட்டில் இருக்கும் தம்பி சுதனுக்கு. சுதனுக்கு வாய்தான் சொத்து. செங்கலடியில் இருந்து வாழைச்சேனை வரைக்கும் எங்கே மென்பந்து கிரிக்கெட் நடந்தாலும் மைக்கைப் பிடித்து வர்ணனை சொல்ல அவனைத்தான் கூப்பிடுவார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்காரனும் ஆட்டத்தை மறந்துவிட்டு அவன் பேச்சைக் கேட்டுச் சிரிப்பான். கொம்பியூட்டர் விளையாட்டுகளைத் தமிழில் நேரலையாக வர்ணிப்பதற்கு ஆள் தேடிய ஒரு வெளிநாட்டு நிறுவனம் அவன் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டு, "குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் பின்னால் மழை பெய்கிறதே" என்று திருப்பி எழுதியது. மழையும் இல்லை, ஒன்றுமில்லை. சிநேகிதனிடம் இரவல் வாங்கிய பழைய கொம்பியூட்டரின் விசிறி போட்ட கூச்சல் அது.

இந்த வேலை கிடைக்காவிட்டால் அவன் புறப்பட்டுவிடுவான். அதுதான் என் பயம். பாஸ்போர்ட்டை ஏற்கெனவே வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனிடம் கொடுத்துவிட்டான். "நீங்க போனீங்கதானே அண்ண, நான் மட்டும் இஞ்ச கிடந்து என்ன செய்யிற?" என்று கேட்டான். நான் போன பாதையைப் பற்றி வீட்டில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை.

இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பாதையில் ஒரு மூடிய லொறி இருந்தது. மரப்பெட்டிகளுக்குப் பின்னால் எங்களை நெருக்கி உட்கார வைத்து, "சத்தம் போடாதே" என்று மட்டும் சொல்லிக் கதவைப் பூட்டினார்கள். வெளியே குளிர். உள்ளே ஆட்களின் மூச்சு ஏறி ஏறி வேர்வை ஒழுகியது. காற்று வர ஒரு வழியும் இல்லை, போகவும் வழியில்லை. எனக்குப் பக்கத்தில் வாழைச்சேனையைச் சேர்ந்த மீன்பிடிக்காரர் ஒருவர். முதலில் மெல்ல முனகிக்கொண்டிருந்தார், பிறகு நிறுத்திவிட்டார். அப்பாடா, மனுசன் தூங்கிவிட்டார் என்று நினைத்து நானும் கண்ணை மூடினேன். கதவு திறந்தபோது அவரைத் தூக்கித்தான் இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆனதென்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆகவே அந்தக் கொம்பியூட்டரை நான் விளையாட்டுச் சாமானாகக் கட்டவில்லை. தம்பியை ஊரில் நிறுத்தி வைக்கிற நங்கூரமாகத்தான் கட்டினேன். விளையாட்டுக்கான கொம்பியூட்டர் நன்றாகச் சூடேறும். சூட்டைத் தள்ள விசிறி வேகமாகச் சுழலும். வேகம் கூடினால் இரைச்சலும் கூடும். விசிறியை அடக்கினால் சூடு ஏறும். ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும் சங்கதி. நான் செய்தது இதுதான். சின்ன விசிறிகளைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை மெதுவாகச் சுழலவிட்டேன். பெரிய விசிறிக்கு ஓடத் தேவையில்லை, நடந்தாலே போதும். மூளைச் சில்லுக்கு மேலே என் இரண்டு கைமுட்டி அளவுக்கு அலுமினியத் தகட்டுக் கோபுரம் ஒன்றை வைத்தேன். முன்பக்கம் முழுக்க வலை போட்டு, காற்று முன்னால் நுழைந்து பின்னாலும் மேலாலும் வெளியேறும்படி வழி விட்டேன். நடுவில் வயர் ஒன்றுகூடக் குறுக்கே நிற்கவில்லை. திருகாணிகளுக்கு அடியில் ரப்பர் வைத்தேன். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். விசிறிகள் ஒரு வேகத்துக்கு மேலே போகாதபடி கட்டியும் போட்டேன். கண்ணைக் குத்தும் கலர் லைட்டுகளைப் பிடுங்கி எறிந்தேன். கடைசியில், காதைக் கிட்டக் கொண்டுபோனாலும் ஓடுகிறதா இல்லையா என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்தது. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது.

படிக்கட்டில் ஃபிராவ் லங்கேயைக் கண்டதும் நானாகவே சொன்னேன்: "லூஃப்டர் இப்போது சுத்தமாகச் சத்தமில்லை!" அவர் பெருமூச்சு விட்டு, "லூஃப்டன்" என்று திரும்பவும் சொன்னார். இந்தக் கிழவிக்கு இன்னும் என்னதான் வேண்டும் என்று எனக்குக் கோபம் வந்தது.

சித்திரை விடுமுறைக்குக் கொம்பியூட்டர் பெட்டியைக் கழற்றி சூட்கேஸில் அடுக்கி ஊருக்குக் கொண்டுபோனேன். சுதனுடைய அறையில் ஜன்னலைச் சாத்தி, கூரை விசிறியையும் நிறுத்தினால்தான் மைக்குக்கு அமைதி கிடைக்கும். அந்த வெக்கைக்குள் பெட்டியை வைத்தால் அது வெந்துவிடும். ஆகவே பெட்டியை முன்கூடத்தில், காற்றோட்டமான ஹோலில் வைத்தேன். பலகைத் தடுப்பில் ஓட்டை போட்டு, வயர்களை மட்டும் அறைக்குள் திரைக்கும் மைக்குக்கும் இழுத்தேன். தடுப்பு கூரை வரைக்கும் எட்டாது, ஹோலில் எழும் எந்தச் சத்தமும் உள்ளே போய்விடும். அதனால் என் சத்தமில்லாத விசிறிகளுக்கு அங்கும் வேலை இருந்தது. பெட்டியின் சூட்டை ஜெர்மனியில் இருந்து போனிலே பார்ப்பதற்கும் ஒரு வழி செய்து வைத்தேன். பார்க்க மட்டும்தான், எதையும் மாற்ற முடியாது.

ஹோல் என்றால் அம்மாவின் ராச்சியம். எங்கள் பக்கம் வீட்டில் பெறுமதியான சாமான் எதுவானாலும் அதன் மேலே ரேந்தை விழும். ரேந்தை என்பது ஊசியால் பின்னிய பூவேலைத் துணி. ரேடியோவுக்கு ஒன்று, டீவிக்கு ஒன்று, பிரிட்ஜுக்கு ஒன்று. பக்கத்து வீட்டு மெற்றில்டா அன்ரி போர்த்துக்கீசர் வழி வந்த பறங்கிக் குடும்பம், அவர் கை ரேந்தைக்குப் பேர்போனது. அந்தச் சொல்லே தங்கள் ஆட்கள் கப்பலில் கொண்டுவந்ததுதான் என்று உரிமை கொண்டாடுவார். நான் நின்ற நாட்களுக்குள்ளேயே பெட்டியை அளவெடுத்து, நாலு பக்கமும் தொங்குகிற மாதிரி ஒன்று பின்னிக் கொண்டுவந்து தந்துவிட்டார்.

"அம்மா, பெட்டி ஓடக்குள்ள இதப் போட்டுராதீங்க" என்றேன்.

"எனக்கு என்ன விசரா? ஓடக்குள்ள ஆரும் மூடுவாங்களா?" என்றார் அம்மா. நானும் நிம்மதியாகத் திரும்பி வந்தேன்.

தேர்வு நாள் கச்சான் காற்றடிக்கும் மாதத்தில் வந்தது. எங்கள் பக்கத்துக் கச்சானை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: அடுப்பு வாயைத் திறந்துவிட்டதுபோல ஒரு காற்று, கூடவே புழுதி. அன்று சுதன் விளையாடிக்கொண்டே வர்ணிக்க வேண்டும், அந்த நிறுவனத்தார் நேரலையில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இடையில் அறுந்தால் மறு வாய்ப்பு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். எனக்கு அன்று லீவு. ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தொடங்கும்போது சூடு அறுபதை ஒட்டி நின்றது. கச்சானுக்கு அது நல்ல எண். கொஞ்ச நேரத்தில் எழுபது ஆனது. காற்றுச் சூடு, பரவாயில்லை என்று நினைத்தேன். எழுபத்தெட்டு. நான் எழுந்து நின்றேன். எண்பத்து மூன்று. விசிறி நின்றுவிட்டதா என்று பார்த்தால் எல்லாம் ஒழுங்காகச் சுழல்வதாகக் காட்டியது. சூடு நூறைத் தொட்டால் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே அணைந்துவிடும், அத்தோடு தம்பியின் கதை முடிந்தது. அம்மாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். சத்தம் வரக் கூடாதென்று எல்லாப் போனையும் ஊமையாக்கி வைக்கச் சொன்னவனே நான்தான். எண்பத்தொன்பது. "எடுங்களன் அம்மா! எடுங்களன்!" என்று யாரும் கேட்காத போனைப் பார்த்துக் கத்தினேன். எனக்கு வேர்த்து ஊற்றியது. மீன்பிடிக்காரரின் முனகல் நின்ற அந்த இருட்டு நினைவுக்கு வந்தது.

கதவில் தட்டும் சத்தம். திறந்தால் ஃபிராவ் லங்கே. சத்தத்துக்காகத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், அறையை முகர்ந்தார், ஒன்றும் கேட்காமல் என்னைத் தாண்டிப் போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாக அகலத் திறந்தார். "லூஃப்டன்!" என்றார். அலுமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் படர்ந்திருந்த பூஞ்சையைக் காட்டினார். அது அவர் வீட்டுச் சுவருக்கும் ஏறிக்கொண்டிருந்ததாம். "காற்று! காற்று விட வேண்டும்! எப்போது பார்த்தாலும் மூடியே வைத்திருந்தால் வேறு என்ன நடக்கும்?"

லூஃப்டன் என்றால் விசிறியில்லை. ஜன்னலைத் திறந்து காற்று விடுவது. ஒரு பனிக்காலம் முழுவதும் மனுசி அதைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அதற்கு வெட்கப்பட எனக்கு நேரமில்லை. 'மூடியே வைத்திருந்தால்' என்ற சொல் கன்னப்பொறியில் அறைந்தது. மெற்றில்டா அன்ரிக்கு அடித்தேன். காலை வணக்கப் படம் அனுப்பத் தவறாதவர். போனைக் கையிலேயே வைத்திருப்பார்.

"அன்ரி, எங்கட வீட்டுக்கு ஓடிப் போங்க! ஹோலில இருக்கிற பெட்டிக்கு ரேந்தை போட்டிருக்கா எண்டு பாருங்க!"

"போட்டிருப்பா மகன். இண்டைக்கு நல்ல நாளெண்டு அம்மா கேட்டவ. நான்தான் கஞ்சி போட்டு அயன் பண்ணிக் குடுத்தன். நான் அனுப்பின போட்டோவில பாத்தீங்களா, வடிவா இருக்கா?"

"அதக் கழட்டுங்க அன்ரி!"

"ஏன் மகன், புடிக்கல்லயா?" அவர் குரல் உடைந்தது.

"பெட்டி மூச்சு முட்டுது அன்ரி! சத்தம் போடாம போய்க் கழட்டுங்க!"

செருப்பைக் கழற்றும் ஒலி கேட்டது. வேலிப் படலை கிறீச்சிட்டது. அன்ரியின் மூச்சு வாங்கல். தொண்ணூறையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது எண். பிறகு, தூரத்தில் பலகைத் தடுப்புக்குப் பின்னால் சுதனின் குரல் கணீரென்று கேட்டது. யாரோ ஒருவன் கோலை நோக்கிப் பந்தோடு ஓடுகிறானாம், அவனை ஒரு படையே துரத்துகிறதாம். பிள்ளை அனுபவித்துப் பேசிக்கொண்டிருந்தான். ஒரு அடி தள்ளி என்ன நடக்கிறதென்று அவனுக்குத் தெரியாது.

"கழட்டிட்டன்" என்று அன்ரி குசுகுசுத்தார். "அம்மாடி, தோசைக்கல்லு மாதிரிச் சுடுது!"

எண் ஒரு இடத்தில் தயங்கி நின்றது. பிறகு இறங்கியது. தொண்ணூறு, எண்பத்தைந்து, எழுபத்தாறு. நான் குசினித் தரையில் குந்திவிட்டேன். ஃபிராவ் லங்கேக்கு ஒன்றுமே புரியவில்லை. ஆனாலும் ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்து என் கையில் தந்தார்.

சுதனுக்கு வேலை கிடைத்தது. பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கி வந்து அம்மாவின் அலுமாரிக்குள் போட்டுவிட்டான். இப்போதெல்லாம் நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வீட்டோடு பேசுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மேல்மாடி பல்கனியில் இருந்து ஃபிராவ் லங்கே, "மாமாவுக்கு வணக்கம் சொல்லுங்கள்!" என்று தன் மொழியில் கூவினார். இவர்களுக்கு மாமா என்றால் அம்மா. போனில் அதைக் கேட்ட அம்மா திடுக்கிட்டு, "ஆருடா அது மாமா? அங்க உனக்கு ஆர் மாமா?" என்றார். சிரித்து முடிக்க நேரமெடுத்தது.

பிறகு அம்மா அந்த ரேந்தைக் கதையைத் தானாகவே எடுத்தார். "சத்தமும் வரல்ல, லைற்றும் எரியல்ல மனே. தம்பியும் பேசல்ல. இன்னும் தொடங்கல்ல, புழுதி படப்போகுது எண்டுதான் மூடிப்போட்டுப் பின்வளவுக்குப் போனன். இப்ப மூடுறதுக்கு முதல் கைய வெச்சுப் பாக்கிறன். சுட்டா, ஓடுது." அதோடு விடாமல், "நீயும் அப்பிடித்தானே. சுகமா எண்டா சுகம் எண்டுவாய், மறுகா ஒரு சத்தமும் இல்ல. உனக்கு நான் எப்பிடிக் கைய வெச்சுப் பாக்கிற?" என்றார்.

நான் ஜன்னலடியில் நின்றேன். கீழே ஞாயிற்றுக்கிழமைத் தெரு மூச்சுக் காட்டாமல் கிடந்தது. "அம்மா, நான் வந்த லொறியப் பத்தி உங்களுக்கு ஒருநாளும் சொல்லல்ல" என்று தொடங்கினேன். குரலைத் தாழ்த்தவில்லை. வாழைச்சேனை மனுசனைப் பற்றியும் சொன்னேன். முடித்தபோது அந்தப் பக்கம் ஒரு பேச்சும் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதோடு அழுத்தினேன். எங்கள் ஹோலின் பழைய கூரை விசிறி டக் டக்கென்று சுற்றிக்கொண்டிருப்பது கேட்டது. என் முகத்தில் ஜெர்மன் காற்று பட்டுக்கொண்டிருந்தது. அம்மா இன்னும் அங்கேதான் இருந்தார்.