திருநள்ளாற்றுச் சாலையில் நாலு கார்கள்

காலை ஏழரைக்குக் கும்பகோணத்திலிருந்து கிளம்பினோம். எழுபத்தொன்பதாம் வருஷம், சனிக்கிழமை. காரைக்கால் மாதா கோயிலில் பத்தரைக்கு என் தம்பி சேவியருக்குக் கல்யாணம். பதினொன்றரைக்குக் கோட்டுச்சேரியில் இன்னொரு கல்யாணத்தை நடத்திவைக்கச் சாமியார் போயாக வேண்டும். நேரம் தவறினால் எங்களுடையது சாயங்காலம்தான்.

அப்பா உறவுக்காரர்கள் இருபது பேரோடு முதல் ரயிலிலேயே போய்விட்டார். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "மாப்ள ரயில்ல போயி எறங்குனா பொண்ணு வீட்ல என்ன நெனைப்பாங்க?" என்று நாலு வாடகைக் கார் பிடித்தார். நாலிலும் சேர்த்துப் பதினோரு பேர்.

நாச்சியார்கோவில், பூந்தோட்டம், அம்பகரத்தூர் எல்லாம் பறந்தன. ஜன்னல் காற்றில் என் பட்டுப்புடவை படபடத்தது.

ஒன்பதே காலுக்குத் திருநள்ளாற்றுக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டோம். சனீஸ்வரன் கோயிலுக்கு வந்த கார்களும் வேன்களும், இடையிடையே மாட்டுவண்டிகளும், இடது ஓரத்தில் கண்ணுக்கெட்டும் தூரம் நின்றன. பெரியப்பா சொன்னபடி எங்கள் நாலு கார்களும் வரிசையை முந்தி வலப்பக்கம் ஏறின. எதிரே காரைக்கால் பஸ் வந்து மூக்கோடு மூக்காக நின்றது. பின்னால், எங்களைப் போலவே காரைக்கால் போகும் கும்பகோணம் பஸ்.

"ஊர்ல இருக்கறவனெல்லாம் கார்ல வந்துட்டானா?" என்றார் பெரியப்பா.

"நாமளும்தாங்க வந்திருக்கோம்," என்றார் டிரைவர்.

ஒன்பதே முக்காலுக்கு, பின்னால் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் வியர்த்து ஓடிவந்தார். "ஐயா, ஒங்க நாலு காரையும் அந்தத் தென்னந்தோப்புல எறக்கிட்டா ரெண்டு பஸ்ஸும் போயிரும்ங்க. நூறு பேரு நிக்கிறாங்க."

"எங்களுக்குக் கல்யாணம்ப்பா!"

"மாப்ளைய நான் ஏத்திக்கிறேங்க."

பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் சேவியர் கதவைத் திறந்துவிட்டான். "அக்கா, வா!" மாலையை ஒரு கையிலும் என்னை மறுகையிலும் பிடித்துக்கொண்டு ஓடினான்.

கார்கள் ஒவ்வொன்றாகத் தோப்புக்குள் சரிந்தன. எதிர் பஸ் உறுமிக்கொண்டு கடந்தது. எங்கள் பஸ்ஸுக்கு வழி திறந்ததும் உள்ளே ஒரே ஆரவாரம்! திருமலைராயன்பட்டினத்துப் பாய் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். "உக்காருங்க மாப்ளே, கோட்டு கசங்கிடப் போவுது." யாரோ ஒரு பெண் சீப்பு நீட்டினாள்.  என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நடுவுல யாராவது எறங்கணுமா?" என்று கத்தினார் கண்டக்டர்.

"நேரா மாதா கோயிலுக்கு விடுய்யா!" என்றது பஸ் முழுக்க.

பத்து இருபத்தைந்துக்கு வாசலில் இறங்கினோம். ரயிலில் வந்தவர்கள் காப்பி குடித்து, தலைவாரி, வரிசையாக நின்றிருந்தார்கள். மணப்பெண் ரீட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மணி அடித்தது.

பெரியப்பா வந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. அடுத்த பஸ்ஸில், நின்றுகொண்டே வந்தாராம். "நல்ல கூட்டம். ஆனா பஸ்காரன் சீக்கிரம் வந்துட்டான்," என்றார்.

கும்பகோணம் பெரிய கடைத் தெருவில் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும்போது முன்னெல்லாம் எதிரே இருப்பவனைத் திட்டுவேன். இப்போது நான் எதில், எத்தனை பேரோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். பல நாள் வாயை மூடிக்கொண்டு இறங்கி நடந்திருக்கிறேன்.