செக்ஸ்டன்டில் தேய்ந்த ஐந்து கோடுகள்

ஆக்லாந்தின் விரிப் பகுதியில், எங்கள் பாக்கிங் ஷெட்டில் ஓர் ஆயுத பூசையன்று நான் விட்ட பிழை, என்னை நாட்டை விட்டே அனுப்பியிருக்கும். என் விசா அந்த வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் அதுவும் போகும்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மன்னாரிலிருந்து படகில் ராமேஸ்வரம், பிறகு டோஹா, அதன்பின் ஒரு சரக்குக் கப்பல் என்று அலைந்து, கடைசியில் ஆக்லாந்தில் பழம்பொருட்களுக்குப் பெட்டி அடிக்க வந்தேன்.

அன்று காலை ஒரு செக்ஸ்டன்ட் வந்தது. சூரியனின் உயரத்தை அளந்து, கப்பல் நிற்கும் இடத்தைக் கணிக்க உதவும் பித்தளைக் கருவி. வெளிநாட்டு மியூசியத்துக்குப் போக வேண்டியது. சூப்பர்வைசர் சாந்தி படம் எடுத்து, பொருள் வந்த நிலையைக் குறிக்கும் கண்டிஷன் ரிப்போர்ட் எழுதிவிட்டு, வேறொரு பெட்டியோடு மங்கரே விமான நிலையத்துக்குப் போனார். மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர்.

நான் பூசைக்காக ட்ரில், சுத்தியல் எல்லாவற்றையும் துடைத்தேன். பக்கத்தில் திறந்த பெட்டியில் செக்ஸ்டன்ட் கறுத்துக் கிடந்தது. பூசை நாளில் கறுத்த பித்தளையைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல் புளியும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்தேன். வளைந்த அடிப்பகுதியில் பதித்திருந்த வெள்ளித் தகட்டையும் விடவில்லை. தகடு மின்னியது. அதன் ஓரத்தில் பாகை காட்டும் மயிர்க்கோடுகளில் ஐந்தைக் காணவில்லை.

சாந்தி திரும்பி வந்து பார்த்தார்.

“அண்ணே! என்னா செஞ்சி வெச்சிருக்கீங்க? இத என்ன கல்யாணத்துக்கா அனுப்பப் போறோம்?”

“பூசை நாள், பிள்ளை. ஊத்தையாக் கிடந்தது. காலைப் படத்தை அழிச்சுப்போட்டுப் புதுசா எடுப்பம். ஒருத்தருக்கும் தெரிய வராது.”

“அழிச்சிட்டா, அடுத்த சாமான எப்படி உங்க கையில குடுக்கிறது?”

உடனே சொந்தக்காரருக்குப் போன் செய்தார். மவுண்ட் வெல்லிங்டனிலிருந்து அந்த முதியவர் வந்து சேரும்வரை நான் நாற்காலியில் உட்காரவில்லை.

“ஐ க்ளீன். மை மிஸ்டேக்,” என்றேன்.

அவர் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார். அவருடைய முன்னோர் ஒருவர் ஆப்பிரிக்கக் கரையோரம் அடிமைக் கப்பல்களைப் பிடித்த கடற்படையில் இருந்தாராம். அந்தக் காலத்து ஒப்பந்தப்படி, பூமத்திய ரேகைக்கு வடக்கே பிடித்த போர்த்துக்கேயக் கப்பலைத்தான் பறிமுதல் செய்யலாம். தெற்கே பிடித்தால், உள்ளே சங்கிலியில் கிடந்தவர்களோடு விட்டுவிட வேண்டும். எந்தப் பக்கம் பிடித்தார்கள் என்பதற்கு இந்த மயிர்க்கோடுகளில் பார்த்த அளவுதான் சாட்சி.

ராமேஸ்வரம் போன படகில், எல்லையைத் தாண்டிவிட்டோமா என்று கேட்டுக் கேட்டே அழுத பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும்.

மியூசியத்துக்கு உண்மை தெரியவேண்டும், ரிப்போர்ட்டில் சேர்த்து எழுதுங்கள் என்றார் முதியவர். அனுப்புவதை நிறுத்தவில்லை. சாந்தி எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். சாந்தி பேனாவை வாங்கி, என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினார்.

“நீங்கள் ஏன், பிள்ளை? நீங்கள் தொடவே இல்லையே.”

“தொறந்த பெட்டிய விட்டுட்டுப் போனது யாரு? போங்கண்ணே, ஃபோம் வெட்டுங்க. ஃப்ளைட்டுக்கு நேரமாச்சி.”

வேலையும் போகவில்லை, விசாவும் போகவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வந்த பொருளின் கறுப்பு உங்களுடையதல்ல, கேட்காமல் துடைக்காதீர்கள். பிழை விட்டால் அன்றைக்கே எழுதிவிடுங்கள். இப்போது இங்கே சூப்பர்வைசர் நான். அப்படி ஒரு ரிப்போர்ட் மேசைக்கு வந்தால், முதலில் கீழே என் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் திட்டத் தொடங்குவேன்.