போன் விழும் சத்தம்

இந்த ஊரில் போன் கீழே விழுந்தால் சத்தம் வருவதில்லை. வருடத்தில் பாதி நாள் தரையெல்லாம் பனி. கையுறையிலிருந்து நழுவிய போன் பேசாமல் பனிக்குள் புதைகிறது. இந்த ஊர்க்காரர்களும் எடுத்துத் தட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்கிறார்கள். எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் நெஞ்சு பக்கென்கிறது. ஒரு காலத்தில் போனைக் கீழே போடுவதே எனக்குச் சம்பள வேலை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊரை ஒட்டி ஒரு போன் தொழிற்சாலை இருந்தது. தயாராகி வரும் போன்களில் சிலவற்றை எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் போட்டு, உடைகிறதா என்று பார்ப்பேன். உடையாது. அதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் கம்பெனிதான் உடைந்தது.

அந்தக் கம்பெனி பிறந்த வட ஐரோப்பிய நாட்டில்தான் இப்போது இருக்கிறேன். மனைவி நர்ஸ், அவளுக்குக் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். கம்பெனியின் பழைய தலைமை அலுவலகத்தில் இன்று வேறு கம்பெனி குடியிருக்கிறது. அங்கே தரை துடைக்கிறேன். பஸ் நிறுத்தத்தில் தினமும் பார்க்கும் யோஹான் என்ற பெரியவர், ஒரு நாள் அந்தக் கட்டடத்தைக் காட்டி, "என் வாழ்க்கை அதற்குள்தான் போயிற்று" என்றார். நானும் அந்தக் கம்பெனியில்தான் இருந்தேன் என்றேன். முகம் மலர்ந்தது. "எந்த மாடியில்?" என்று கேட்டார். "சென்னைக்குப் பக்கத்தில்" என்றேன். மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது. "ஓ. எங்கள் வேலை போன இடம்" என்றார். எங்களிடமிருந்தும் அது போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தேன், பஸ் வந்துவிட்டது. வேலை போனதும் வேறு பிழைப்புக்கென்று அவருக்குத் தோட்டக்கலை கற்றுக்கொடுத்தார்களாம். எங்களுக்கு வாசல் கேட்டைப் பூட்டிக் காட்டினார்கள்.

எங்கள் போன் இல்லாத சட்டைப் பையே இல்லை என்றிருந்த நாளில், நைனா மேல்வயலில் லாரி லாரியாக மண் அடித்து மேடாக்கினார். நைனா என்றால் அப்பா. ஆந்திரா எல்லை பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு அப்படி. நெல் விளைந்த இடத்தில் தொழிற்சாலைப் பெண்களுக்கு வரிசையாக வாடகை அறைகள் எழும்பின. நைட் ஷிப்ட் பெண்கள் பகலில் தூங்க வேண்டுமே என்று ஜன்னலைக் கையகலத்துக்கு வைத்தார். ஒருத்தி பாயை விட்டு எழுந்தால் அடுத்தவள் வந்து படுப்பாள். ஊரில் பலரும் அப்படித்தான் கட்டினார்கள். பிறகு உலகம் கண்ணாடித் திரையைத் தடவ ஆரம்பித்தது. எங்கள் கம்பெனி பொத்தானை விடவே மனமில்லாமல் கிடந்து, விட்டபோது காலம் கடந்திருந்தது. தொழிற்சாலையில் உற்பத்தி லைன்கள் ஒவ்வொன்றாக நின்றன. "ஆனை படுத்தாலும் குதிர மட்டம்டா, பாத்துக்கினே இரு" என்றார் நைனா. பார்த்துக்கொண்டே இருந்தோம். படுத்த யானை எழவில்லை. அறைகளில் ஆடு கட்டிப் பார்த்தோம். அந்த ஜன்னலுக்கு ஆடுகூடத் தங்க மறுத்தது. மண் அடித்த வயலில் மறுபடி ஏர் இறங்காது.

போன வாரம் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தம்பி குமார் கூப்பிட்டான்.

"அண்ணே, இங்க புது போன் கம்பெனி வந்துகினு கீது. பொண்ணுங்களுக்கு ரூமே கெடைக்கலியாம். கீழ்வயல்லயும் மண்ணு அடிச்சிட்லாமா?"

கீழ்வயல் ஒன்றுதான் எங்களுக்கு மிச்சம். வீட்டுக்கு அரிசி அதிலிருந்துதான்.

"போன தபா இன்னா ஆச்சுன்னு தெர்யாதா ஒனக்கு?"

"அது வேற கம்பெனிண்ணே. இது ஒலகத்துலயே நம்பர் ஒன்னு."

"அதுவும் நம்பர் ஒன்னுதான்டா. நைனா இன்னா சொல்றாரு?"

"பெரியவன கேளுன்னாரு. நீ கம்பெனி பொறந்த ஊர்லயே கீற. ஒனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கம்பெனியின் தரைதான்.

"வேணாம்டா. அது ஒன்னாவது இருக்கட்டும்" என்றேன்.

குமார் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "லாரி வந்து நின்னுகினு கீதுண்ணே."

யோஹான் நான்கடி தள்ளி நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் பேசுவதை அவர் நிறுத்திவிட்டார். அவர் கணக்கில், அவர் வேலையைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். போனுக்குள் லாரியின் பின்கதவு தடாலென்று திறந்தது. கணுக்கால் வரை பனியில் நின்றபடி, கீழ்வயலில் முதல் லோடு மண் விழுவதைக் கேட்டேன்.