தண்ணீர் ஃபோமில் இருந்த ‘வற்’

தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் ஸ்டோர் கிளாக்கராக இருந்தபோது, ஒருநாள் காலை பத்து மணிக்குப் புகைக்கூட்டில் நெருப்புப் பிடித்தது. உள்ளே காய்ந்துகொண்டிருந்த ரப்பர் ஷீட்டெல்லாம் கறுப்புப் புகையைக் கக்கின. புகைக்கூட்டு வேலைக்காரர் மாரிமுத்து, டவுன் தண்ணீர் வரும் ஹோஸை இழுத்து வந்து அடித்தார். அரை மணியில் சுவாலை அடங்கியது. ஹோஸை மட்டும் அவர் மாலை வரை கீழே வைக்கவில்லை.

தோட்டத்தை நடத்தும் துரை அன்று கொழும்பில் இருந்தார். மாதக் கடைசியில் தண்ணீர் பில்லைப் பார்த்ததும் மாரிமுத்துவைக் கூப்பிட்டார்.

“அரை மணி நேர நெருப்புக்கு இவ்வளவு தண்ணியா? பைப்பைத் தொறந்து விட்டுட்டுத் தூங்கிட்டீங்களா?”

“இல்லீங்க தொரை. உள்ளுக்குள்ள கனிஞ்சுகிட்டே இருந்துச்சுங்க.”

“நெருப்பணைச்ச தண்ணிக்கு வரி வேணாம்னு எழுதிக் குடுக்கிற ஃபோம் ஒண்ணு இருக்கு. தண்ணிக் கந்தோர்ல ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்கிறேன். இல்லேன்னா அடுத்த மாசம் நீங்க பால் வெட்டத்தான் போகணும்.”

மாரிமுத்துவுக்கு முழங்கால் வாதம். மலை ஏறி ரப்பர் மரத்தில் பால் வெட்ட அவரால் ஆகாது. நடந்தது முழுதும் எனக்குத் தெரியும். ஆனால் துரைக்கு முன்னால் எனக்கு வாய் வராது. ஃபோமை வாங்கிக்கொண்டு மேசைக்குப் போய்விட்டேன்.

‘வற் விலக்குக் கோரும் காரணம்’ என்று அதில் இருந்தது. VAT என்ற புது வரியை ‘வெட்’ என்று காதால் கேட்டிருக்கிறேன். தமிழில் அதைத்தான் ‘வற்’ என்று எழுதுகிறார்கள் என்பது தெரியாது. ‘வற்றியது’ என்பதைச் சுருக்கியிருக்கிறார்கள், வற்றிப்போன தண்ணீரை விலக்கிக் கணக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். பிறரிடம் விசாரிக்கக் கூச்சம். இப்படி எழுதினேன்:

‘தண்ணீர் எதுவும் வற்றவில்லை. எல்லாம் நெருப்புக்கே போனது. ஹோஸை நிறுத்திய மூன்று தடவையும் ஷீட் அடுக்கிலிருந்து திரும்பப் புகை வந்தது. நாலு மணிக்கு நானே அடுக்குக்குள் கையை விட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. அதன் பிறகே மாரிமுத்து மூடினார்.’

அடுத்த நாள் இருவரும் பஸ் ஏறித் தண்ணீர் அலுவலகத்துக்குப் போனோம். தண்ணீர்க் கந்தோர் அதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சிங்களத்தில் சொல்லச் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்காமல், தாளைப் பார்த்தே சொன்னேன்.

“வத்துர ஹிந்துனே நே மாத்தயா.” தண்ணீர் வற்றவில்லை ஐயா என்று அர்த்தம்.

“ஹிந்துனே நேத?” அவர் பேனாவைக் கீழே வைத்தார். ‘வற்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்து வாசித்துக் காட்டி, வற்றியதைத்தானே கேட்டிருக்கிறீர்கள் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “மல்லி, வற் கியன்னே டெக்ஸ் எக்கக்!” வற் என்பது ஒரு வரி, தம்பி!

எனக்கு மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. அவர் சிரித்து முடித்து, மீதியையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். கையை விட்டுப் பார்த்த இடம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். ‘ஃபோம் கொண்டுவருகிற எல்லோரும் நெருப்பு, நெருப்பு என்றுதான் எழுதுகிறார்கள். நெருப்பு எப்போது அணைந்தது என்று ஒருவரும் எழுதியதில்லை’ என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, சீல் குத்திக் கொடுத்தார்.

பஸ்ஸில் மாரிமுத்து அந்தத் தாளை மடிக்கவே விடவில்லை. சீல் கலைந்துவிடுமாம்.

புரியாத சொல்லைக் கேட்டுவிட வேண்டும், பார்த்ததை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். கந்தோர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இரண்டாவதை நான் செய்யாததால்தான் ஒரு மனிதர் வேலை போகுமோ என்று பயந்துகொண்டிருந்தார்.

தோட்டத்துக்குத் திரும்பியதும், எங்கள் இருவர் முன்னாலும் துரை தாளை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

“கிளாக்கர், நீங்க கையை விட்டுப் பார்த்தீங்களா?”

“ஆமாங்க சேர்.”

“அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

மாரிமுத்துதான் பதில் சொன்னார்.

“கிளாக்கர் ஐயாவைப் பேச வைக்கணும்னா, அதுக்கும் ஒரு ஃபோம் குடுக்கணுங்க தொரை.”