வேலிக்கு வெளியே ஒரு கிணறு

திருச்சுழிப் பக்கம் ஒரு சோலார் பண்ணையை மதிப்பிடப் போயிருந்தேன். வெயிலில் மின்சாரம் எடுப்பதால் அந்த மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன சேதம் என்று பார்த்துப் படிவம் நிரப்புவது என் வேலை. 'வளாகத்துக்குள் நிலத்தடி நீர் எடுக்கப்படுகிறதா?' என்ற கேள்விக்கு, உள்ளே கிணறு எதுவும் இல்லாததால், 'இல்லை' என்று எழுதினேன்.

பேனல் துடைக்கும் அந்த அம்மாவை அப்புறம்தான் கவனித்தேன். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, முகத்தைச் சுற்றித் துண்டு. கண் மட்டும் தெரிந்தது. தண்ணீர் லாரிக் குழாயால் ஒருவர் பீய்ச்ச, இவர் துடைத்துக்கொண்டே போனார். துணியை ஒருமுறைகூடத் தரையில் பிழியவில்லை. ஒவ்வொரு தடவையும் தன் பிளாஸ்டிக் குடத்துக்குள்தான் பிழிந்தார்.

"அந்தத் தண்ணி எதுக்கும்மா?" என்றேன்.

"ஆட்டுக்கு சார். தெளிஞ்சா குடிக்கும்."

"இங்கயிருந்தா சுமந்துட்டுப் போறீங்க?"

"எங்க ஊருக் கெணத்துத் தண்ணிதான சார் இது. விடியமுன்ன லாரி வந்து எடுத்துட்டு வந்துருது. நாங்க குடத்தத் தூக்கிட்டுப் போனா வெறும் சகதிதான் கெடக்கு. மிச்சத்தையாச்சும் கொண்டுபோறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த பேனலுக்கு நகர்ந்துவிட்டார்.

வேலிக்கு வெளியே இருக்கும் கிணற்றுக்குப் படிவத்தில் இடம் இல்லை. ஓரத்தில் எழுதி வைத்தேன். அலுவலகத்தில் தட்டச்சு செய்தபோது அந்த ஓரம் விடுபட்டுப்போனது. அதைப் பார்த்தும் கையெழுத்துப் போட்டேன்.

அந்த 'இல்லை'யில் பொய் ஒன்றும் கிடையாது. அந்தக் குடத்தை நினைக்கும்போதெல்லாம் அதுதான் உறுத்துகிறது.