நேசமணி வீட்டுத் துடக்கு

நேசமணி தரையில் குப்புறக் கிடந்தார். ஐம்பத்தாறு வயது வயிறு அதற்கு உடன்படவில்லை. கையில் சமையலறை இடுக்கி. அதன் நுனியில் ஓர் இலை. மேலிருந்து நீட்டக் கூடாது, பக்கவாட்டில்தான் நீட்ட வேண்டும். பலகைப் பெட்டிக்குள் கவிழ்த்து வைத்திருந்த தேங்காய்ச் சிரட்டையின் வாசலில் இலையை வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். சிரட்டைக்குள் ஏதும் அசையவில்லை.

அழைப்பு மணி அடித்தது. நேசமணி எழும்பவில்லை.

நோர்வேயின் ஹவுகெட்டோவில் அவரைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். இரண்டு அடுக்குமாடித் தொகுதிகளைப் பராமரிப்பது அவர் வேலை. பனி வழிப்பார், பல்பு மாற்றுவார், ஒழுகும் குழாயை இறுக்குவார். இடுப்பில் சாவிக்கொத்து கிலுங்கும். ரயிலால் இறங்கி வருகிற தமிழர் ஒருவரும் அவர் கண்ணில் படாமல் போக முடியாது. "உதாலை போறனீங்கள், வீட்டை வராமல் போறதே? ஒரு மிடறு தேத்தண்ணி. ஒரு மிடறு குடிச்சால் உங்கடை வேலை ஓடியே போகப்போகுது?" வாசலில் விருந்தாளிகளுக்கென்றே ஒரு கூடை நிறைய வீட்டுச்செருப்பு. மின்மானி பார்க்க வந்த நோர்வேக்காரர்கூட இஞ்சித் தேநீர் குடித்துவிட்டுத்தான் இறங்கிப் போனார்.

மகள் ஜெனிதா படிக்கவென்று துரொண்ட்ஹெய்முக்குப் போனபிறகு வீடு கொஞ்சம் அடங்கிப்போயிற்று. அந்த வசந்தத்தில் ஒருநாள் நேசமணி வளர்ப்புப் பிராணிக் கடையிலிருந்து ஓர் ஆமைக் குஞ்சோடு வந்தார். தரையாமை. தேசிக்காயளவு, எலுமிச்சம்பழம்போல.

"இது எழுவது வருசமும் இருக்குமாம்," என்றார்.

மனைவி மங்களேஸ்வரி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். வயது போனவர்களை யார் பார்ப்பது என்ற கேள்வி அவருக்குத் தொழில்.

"பிறகு ஆர் பாக்கிறது?"

"ஜெனிதா பாப்பாள்."

"அவளைக் கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. ஆணா பெண்ணா என்று தெரியச் சில வருடம் ஆகும் என்று கடையில் சொன்னதால் பெயரும் வைக்கவில்லை. "ஆள் எழும்பியிட்டார்," என்பார். "ஆள் கோவமாயிருக்கிறார்."

வீட்டுக்கு வந்தவருக்கு நல்ல இடம் கொடுக்க வேண்டும் என்பது நேசமணியின் சுபாவம். பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கி, வரவேற்பறையின் நடுவே, தேநீர் மேசையில் வைத்தார். நாலு பக்கமும் தெரியும், நாலு பக்கமிருந்தும் பார்க்கலாம். குளிருமென்று அறை முழுவதையும் ஒரே சூட்டில் வைத்தார். பிறகு எல்லோருக்கும் அறிவித்தார். பிள்ளை பார்க்க வருவதுபோல வந்தார்கள். ஆளை ஆள் மாற்றி உள்ளங்கையில் ஏந்திப் படம் எடுத்தார்கள். ஒருவர் வாழைப்பழம் கொடுத்தார். ஒருவர் வடையில் கொஞ்சம் கிள்ளி வைத்தார். குஞ்சு கண்ணாடியில் முகத்தை வைத்து நாள் முழுக்கக் காலால் உழக்கியது. "பாருங்கோ, என்ன சுறுசுறுப்பு," என்றார் நேசமணி.

பிறகு உழக்குவதையும் நிறுத்தியது. சாப்பிடுவதையும் நிறுத்தியது. மாவு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தார். கடையில் சொன்னதைவிட எடை குறைந்திருந்தது.

கடைப் பெண்ணிடம் ஓடினார். அவள் பொறுமையாகச் சொன்னாள். கண்ணாடி என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது, வெளியே போகலாம் என்று முட்டிக்கொண்டேயிருக்கும். மேலிருந்து வரும் கை எல்லாம் அதற்குக் காகம். தாழ்ந்த மரப்பெட்டி போதும். ஒளிய ஓர் இடம், புதையக் கொஞ்சம் ஈரமண், தட்டையாய் ஒரு தண்ணீர்த்தட்டு. வாழைப்பழம் வேண்டாம், புல்வெளியில் மஞ்சளாய்ப் பூக்கிற லோவெதான் இலை நல்லது. முக்கியமாக, சில கிழமைக்கு யாரும் தூக்கக் கூடாது.

ஜெனிதாவின் புத்தக அலுமாரியை மல்லாக்கப் படுக்கவைத்து நேசமணி பெட்டி செய்தார். புட்டுக்குத் துருவிய தேங்காயின் சிரட்டையில் வாசல் வெட்டிக் கவிழ்த்தார். சூட்டு விளக்கைப் பெட்டியின் நடுவில் மாட்டப் போனபோது மேல்மாடி யுவன் தடுத்தார். கோயம்புத்தூர்ப் பையன், கணினி வேலை. "ஓரமா மாட்டுங்க அங்கிள். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் கூல். எது வேணுமோ அது நடந்து போய் எடுத்துக்கும்."

எல்லாம் சரியாயிற்று, ஒன்றைத் தவிர. மணி அடித்துக்கொண்டேயிருந்தது.

அன்று நேசமணி குப்புறக் கிடந்தபோது மணி அடித்தவர் சபாரத்தினம்; மங்களேஸ்வரி கதவைத் திறந்துவிட்டார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி, நேசமணிக்கு அண்ணன் முறை. ஆமை வீட்டுக்குள் இருப்பது நல்லதில்லை என்று சொல்வதற்கென்றே முதல்நாள் வந்தவர். அன்றிலிருந்து தினமும் வருகிறார்.

"தூக்காதேங்கோ அண்ணை," என்றார் நேசமணி தரையிலிருந்தபடியே. "ஆளுக்கு ஸ்ட்ரெஸ்."

"ஆமைக்கு என்னடா ஸ்ட்ரெஸ்? வேலைக்கே போகுது?" சபாரத்தினம் சிரட்டையைத் தூக்கி ஆளை எடுத்துவிட்டார். ஆள் அவர் கைநிறைய மூத்திரம் பெய்தார். "பாத்தியே, என்னைத் தெரியுது."

தேநீர் குடித்து அவர் போனபின் நேசமணி மறுபடி நிறுத்தார். இன்னும் குறைந்திருந்தது. இலை வைத்த இடத்திலேயே வாடிக் கிடந்தது.

"இப்பிடியே போனால் செத்துப்போகும்," என்றார் மங்களேஸ்வரி. "சனத்தை வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"வராதேங்கோ எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?" என்றார் நேசமணி. அந்தச் சொல்லை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை.

"நீங்கள் சொல்ல வேண்டாம்."

மங்களேஸ்வரி கைபேசியை எடுத்து மூன்று பெண்களுக்கு ஒரே செய்தி அனுப்பினார். எங்கடை வீட்டிலை துடக்கு, முப்பத்தொரு நாள் முடியத்தான் ஆக்கள் வரலாம்.

மூன்று பேர் போதும். கோயில் கொடியேற்றம் நெருங்கிக்கொண்டிருந்தது. துடக்கு வீட்டுக்குப் போய்வந்து யார் மறுபடி தலைமுழுகித் தோய்வது? அங்கே ஒரு மிடறு தேநீர்கூடக் குடிக்க முடியாது, பிறகு எதற்குப் போவது? மணி நின்றது. படியிறங்கி வந்த யுவன் மட்டும் வாசலில் தயங்கிக் கேட்டார். "துடக்குன்னா எங்க ஊர் தீட்டு மாதிரியா? குழந்தை பிறந்தா வருமே, அதுவா ஆன்ட்டி?"

"ஓம், அதுதான்."

அதுதான் என்று ஊரும் நினைத்தது. சபாரத்தினம் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசினார். சாவு வீட்டுக் குரல்.

"தம்பி, நேசம். உலகத்திலை நடக்காததே. மனசை விடாதை. பிள்ளையும் தாயும் சுகமே?"

"எந்தத் தாய் அண்ணை?"

"ஜெனிதா..."

நேசமணி எழும்பி நின்றுவிட்டார். "அண்ணை! துடக்கு ஆமைக்கு!"

சபாரத்தினம் போனை வைத்துவிட்டார். அடுத்த அழைப்பு துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்தது. "அப்பா, எனக்குப் பிள்ளை பிறந்திருக்காம். லைப்ரரியிலை ஒரு அன்ரி கட்டிப்பிடிச்சு அழுகிறா. எனக்கு எக்ஸாமன் கிடக்கு!" பிறகு அவளால் பேச முடியவில்லை, சிரிப்பு. சிரித்து முடித்துக் கேட்டாள், "அது சாப்பிட்டுதே?"

சாப்பிடவில்லை.

யாரும் வராத வீட்டில் நேசமணி வேலை முடிந்து வந்து கேத்தலைப் போடுவார், எத்தனை கோப்பை என்று யோசிப்பார், ஒன்றை எடுப்பார். சாவிக்கொத்தைத் துணியில் சுற்றிக் கழற்றி வைப்பார். காலையில் தட்டில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு ஆளைக் கொஞ்சநேரம் நிற்கவைப்பார். மற்றபடி தொடுவதில்லை. மாலையில் குப்புறக் கிடப்பார்.

அப்படிக் கிடந்த ஒரு மாலை, சிரட்டை வாசலில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு கழுத்து. ஆள் மண்ணை உதறிக்கொண்டு விளக்குப் பக்கம் நடந்தார், நின்றார், திரும்பி வந்தார். இலையை ஒருமுறை மோந்து, வாயைத் திறந்து, தவறவிட்டார். மறுபடி திறந்தார். நறுக்கென்று ஒரு சத்தம், காகிதம் கிழிவதுபோல. இலையின் ஓரத்தில் பிறைவடிவில் துண்டு காணாமல் போயிருந்தது.

"மங்களம்," என்றார் நேசமணி, உதடு மட்டும் அசைய. சமையலறையில் நின்ற மங்களேஸ்வரிக்கு அது கேட்டிருக்க வழியில்லை. ஆனாலும் வந்தார். அவரும் குப்புறக் கிடந்தார்.

மறுநாள் மழை. நேசமணி வேலைக்குப் போய் இரண்டு கழிவுநீர்க் குழாய்களைத் துப்புரவு செய்தார். வீடு திரும்பும்போது படிக்கட்டில் சபாரத்தினம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பை லோவெதான் இலை, ஈரத்தோடு. ஒரு பிளாஸ்க். துடக்கு முடிய இன்னும் நாள் கிடந்ததால் அவர் வாசலை நெருங்கவில்லை. நேசமணி இலையை உள்ளே வைத்துவிட்டு, கதவைச் சாத்தாமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆள் சாப்பிட்டதைச் சொன்னார். சபாரத்தினம் பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"ஒரு மிடறு குடி."

நேசமணி குடித்தார். சபாரத்தினம் லைப்ரரி அன்ரியின் கதையைக் கேட்டுப் பலமாகச் சிரிக்கத் தொடங்கினார். நேசமணி ஒரு விரலை உதட்டில் வைத்து, எழும்பி இரண்டு படி ஏறி, வீட்டுக் கதவை மெல்லச் சாத்தினார்.